மூடிய கதவுக்கு ஓர் அப்புக்காத்து

நமது குடாநாட்டில் ஒரு வகை மனிதர் உண்டு. சட்டப் புத்தகம் திறந்ததில்லை, கறுப்புக் கோட்டுப் போட்டதில்லை, ஆனால் குடும்ப வழக்கு என்று எங்காவது ஒரு கதவு மூடப்பட்டால் போதும், உள்ளே நடந்ததை நீதிபதிக்கு முன்பே அறிந்திருப்பார். கதவடி அப்புக்காத்து, அதாவது கதவடி வழக்கறிஞர், என்று நான் இவருக்குப் பட்டம் கொடுத்திருக்கிறேன். இந்தப் பட்டத்துக்குப் படிப்பு வேண்டாம். காதும் மோட்டார் சைக்கிளும் கொஞ்சம் ஓய்வும் போதும்.

குருநகர்ச் சிமியோனை எடுத்துக்கொள்ளுங்கள். காணி அலுவலாகவோ, அலுவலே இல்லாமலோ நீதிமன்றப் பக்கம் போவார், எதிர்க் கடையில் ஒரு பிளேன்ரீயை ஆறவிடுவார், வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். ஒருத்தி அழுதால் அவள் தோற்றுவிட்டாள். சிரித்தால் அவளுக்கு வெட்கமில்லை. இரண்டும் இல்லையென்றால்? "உள்ளுக்கை என்னவோ நடந்திருக்கு" என்பார். அந்தத் தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது.

அண்மையில் இவரிடம் அகப்பட்டவள் லவீனா, முன்பள்ளி ஆசிரியை. கணவனைப் பிரிந்தவள். ஆறு வயது மகள் தன்னோடேயே வளர வேண்டும் என்பதுதான் வழக்கு. நீதிமன்றப் படியில் அவளுடைய சட்டத்தரணி, "அடுத்த தவணை விளக்கம்" என்றது சிமியோனின் காதில் விழுந்துவிட்டது. நீதிமன்றத் தமிழில் தவணை என்றால் வழக்கு நாள், விளக்கம் என்றால் விசாரணை. சாட்சிகளைக் கேட்கும் நாள், அவ்வளவுதான். அதை இவருக்கு யார் சொன்னது? பிள்ளைகளின் கதை தெருவுக்கு வராதிருக்கக் கதவை மூடுவது நியாயம். ஆனால் அங்கே என்ன முறை, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சனத்துக்கு எளிய தமிழில் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. அந்த இடைவெளியில்தான் நம் அப்புக்காத்து தொழில் நடத்துகிறார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் தொடங்கினார்.

"ஜட்ஜ் ஐயா லவீனாவிட்டை விளக்கம் கேட்டிருக்கிறார். பிழை விடாதவளிட்டை ஏன் விளக்கம் கேக்கப் போறார்?"

"அப்ப இனி என்ன நடக்கும் அண்ணை?" என்றாள் யசிந்தா. அவளுடைய மகன் லவீனாவிடம்தான் படிக்கிறான்.

"விளக்கத்துக்குப் பிறகு என்ன? விளக்கமறியல்தான்!"

ஒரு சொல்லுக்கு வால் முளைத்தது. மறியல் என்றால் சிறை; ஊர் வாயில் பெண் சிறைக்குப் போய்விட்டாள். மறுநாளே யசிந்தா மகனை முன்பள்ளிக்கு அனுப்பவில்லை. கதை ஊரைச் சுற்றி, கடைசியில் லவீனாவின் மகள் படிக்கும் வகுப்புக்குள்ளும் போய்ச் சேர்ந்தது.

தவணையன்று காலை லவீனா வெளிக்கிட, பிள்ளை அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு கத்தியது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

"அம்மா, உங்களைப் பிடிச்சு வைச்சிடுவினமாம். போகாதேங்கோ!"

பிள்ளையைத் தேற்றிவிட்டு அவள் நீதிமன்றத்துக்கு ஓடிப் போனபோது வழக்கைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். இன்னொரு தவணை. அதுவரை மகள் யாருக்கு என்று தெரியாத வீட்டில் தாயும் பிள்ளையும் காத்திருக்க வேண்டும். சிமியோனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

ஆனால் அவர் கெட்டவரா? இல்லை, செத்தவீடென்றால் முதல் ஆளாய் நிற்பார். நீங்களோ அவரைப் போல இல்லவே இல்லை. ஊர் வம்பு பேசமாட்டீர்கள். சரி, உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை கத்தியதை வாசித்தபோதுகூட, 'இவள் புருசனை ஏன் பிரிந்தாள், இதை எழுதுகிற ஆள் அதைச் சொல்லவில்லையே' என்று உங்கள் மனம் ஒருமுறை கேட்கவில்லையா?