ஆடி முப்பத்திரண்டு

ஆடி 9. இன்று ஒரு தவறு செய்தேன். சிறியதுதான். கீழ்மடையிலிருந்து வந்த பிழைச்சீட்டை நானே ஓட்டிப் பார்க்காமல், ‘முன்பே வந்தது’ என்று பதில் எழுதி அனுப்பிவிட்டு, சீட்டைக் கட்டி வைத்துவிட்டேன். மாலை வகுப்புக்கு மணி அடித்துவிட்டது என்பது ஒரு காரணம் ஆகாது. நாளை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

பூங்காவனம் இப்படி நாட்குறிப்பில் எழுதினாளே தவிர, மறுநாள் எடுத்துப் பார்க்கவில்லை. மறுநாள் அரசாணை வந்துவிட்டது.

செம்பாழி என்பது அந்த நாட்டின் பெயர். அங்கே மதகு, மணிக்கூண்டு, தறி, மாவரைக்கும் ஆலை, கோட்டைக் கதவு எல்லாம் எந்திரத்தால் இயங்கின. எந்திரங்களுக்குக் கட்டளையிட ஏவல் என்றொரு மொழி இருந்தது. துளையிட்ட அட்டைகளில் எழுதப்படும் மொழி. அதன் இலக்கணம் நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் கொண்ட ஒரு கட்டு. மூலக்கட்டு என்பார்கள். அது சந்தைக்குப் பின்னால், திருத்தகம் என்ற ஓட்டுக் கொட்டகையில், பூட்டில்லாத மேசை மேல் இருந்தது. யாரும் போய்ப் படிக்கலாம். முதல் அட்டையிலேயே எழுதியிருந்தது: ‘படிக்கலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம். திருத்தியதை மறைக்கக் கூடாது.’

எந்திரம் எங்காவது முரண்டு பிடித்தால், அந்த ஊர்க்காரர் ஒரு சீட்டில் எழுதித் திருத்தகத்துக்கு அனுப்புவார். வாரத்துக்கு இருநூறு சீட்டு வரும். அவற்றைப் படித்துப் பிழை நீக்க ஏழு பேர் இருந்தார்கள். சம்பளம் கிடையாது, பட்டம் கிடையாது. வேலை சரியாக நடந்தால் அவர்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. பூங்காவனம் அவர்களில் இளையவள். பகலில் படைவீரர் சட்டைகளுக்குக் காஜா எடுப்பாள். மாலையில் ஏவல் வகுப்புக்குப் போவாள். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் நேரம் திருத்தகத்துக்கு.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் எழுதும் திருத்தத்தை, அவர் முகம் அறியாத இன்னொருவர் வேறு ஊரில் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் அது மூலக்கட்டில் சேரும். பூங்காவனத்தின் திருத்தங்களைப் பார்ப்பவர் மேற்கு மலையில் மணிக்கூண்டு காக்கும் சாத்தப்பன். மூன்று வருடமாகத் தபால் வண்டியில் எழுதிக்கொள்கிறார்கள், பார்த்ததில்லை. ஒரு தடவை அவளுடைய ஒரே திருத்தத்தைப் பதினோரு முறை திருப்பி அனுப்பினார். பன்னிரண்டாம் முறை, ‘இப்போது என் மணி உங்களை நம்புகிறது’ என்று எழுதினார். அந்தச் சீட்டை அவள் தையற்பெட்டியில் வைத்திருந்தாள்.

ஆடி பத்தாம் நாள் வந்த ஆணை, பழுதின்மைத் துறை அமைச்சர் செம்மலாருடையது. மன்னரின் வெள்ளிவிழா ஆண்டில் நாட்டில் பிழைகள் பெருகியிருப்பது அமைச்சருக்கு வருத்தம் தந்தது. பிழைகள் பெருகக் காரணம் பிழைச்சீட்டுகள் என்று அவர் நியமித்த குழு கண்டறிந்தது. ஆகவே இனி ஒவ்வொரு சீட்டிலும் மூன்று முத்திரை வேண்டும்: ஊர்த்தலைவர் முத்திரை, வட்ட அதிகாரி முத்திரை, அரண்மனை உள்முற்றத்து முத்திரை. அடுத்த வாரம் திருத்தகத்துக்கு நான்கு சீட்டுகள் வந்தன. இருநூறிலிருந்து நான்கு. அரண்மனையில் வாணவேடிக்கை நடந்தது. தறியில் துணி கையில்லாத சட்டையாக வந்து விழுந்துகொண்டிருந்தது; நெசவாளிகள், முத்திரைக்கு அலைவதைவிட இதுவே மேல் என்று அதைப் போட்டுக்கொண்டு வாணவேடிக்கை பார்த்தார்கள்.

இரண்டாவது ஆணை ஆடி பதினேழில் வந்தது. எந்திரங்களுக்கெல்லாம் ஆபத்துக்கு உதவ ஒரு கைப்பிடி உண்டு. மொழி தடுமாறினால் கையால் சுற்றிக்கொள்ளலாம். கைப்பிடி வைத்திருப்பது மொழியின் மேல் ஐயம் கொள்வதாகும் என்று ஆணை சொன்னது. முன்மாதிரியாக அரண்மனைக் கோட்டைக் கதவின் கைப்பிடியை அமைச்சரே நாதஸ்வரம் முழங்கக் கழற்றினார். பிறகு நாடெங்கும் வண்டிகள் வந்து கைப்பிடிகளை அள்ளிக்கொண்டு போயின. அவற்றை உருக்கி, பழுதின்மைக்கு ஒரு தூண் நிறுத்தினார்கள்.

மூன்றாவதாகத் தேர்தல். மொழி குறையற்றதா என்பதை மக்களே முடிவு செய்யட்டும் என்று அமைச்சர் பெருந்தன்மையோடு அறிவித்தார். இரண்டு பெட்டிகள் வைத்தார்கள். ஒன்றில் ‘குறையற்றது’, மற்றதில் ‘மிகவும் குறையற்றது’. இரண்டாவது வென்றது. முதற்பெட்டியில் போட்டவர்கள் எதிர்க்கட்சி என்று அறிவிக்கப்பட்டார்கள். மக்கள் தீர்ப்புக்கு மதிப்பளித்து, மூலக்கட்டைத் திருத்தகத்து மேசையிலிருந்து எடுத்து, பொற்பேழையில் வைத்து, அரண்மனைக்குள் பூட்டினார்கள். இனி அதில் ஒரு துளை இடுவதும் ராஜதுரோகம்.

திருத்தகத்தில் வெறும் மேசை மிஞ்சியது. ஏழு பேரில் மூவர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பிள்ளைகுட்டிக்காரர்கள்.

ஆடி இருபத்து நான்கில் கொட்டகை வாசலில் ஒருவர் வந்து நின்றார். முழங்கால் வரை சேறு. கீழ்மடை மதகைப் பார்த்துக்கொள்ளும் ஒச்சையா.

“‘முன்பே வந்தது’ன்னு எழுதுனது யாருங்க?” என்றார்.

பூங்காவனம் எழுந்து நின்றாள். “நான்தான்.”

“நல்ல கையெழுத்து, தாயி. எங்க ஊர்ல எல்லாரும் பாராட்டுனாங்க. ஆனா முன்ன வந்தது எப்பன்னு யாருக்கும் தெரியல.”

அவர் உட்கார்ந்து சொன்னதன் சுருக்கம் இது. எண்ணெய் போடும்போது மதகின் நாட்சக்கரத்தை முன்னே சுற்றிப் பார்த்தார். ஆடி முப்பத்தொன்று வரை கதவு ஒழுங்காகத் திறந்தது. முப்பத்திரண்டில் நின்றுவிட்டது. பின்னால் சுற்றினால்தான் அசைந்தது. முன்னே சுற்றினால் ஆவணியிலும் அசையவில்லை. எந்த ஆண்டிலும் இல்லாமல் இந்த ஆண்டு ஆடிக்கு முப்பத்திரண்டு நாள். மலையில் மழை பிடித்துவிட்டது. ஏரி நிரம்பிக்கொண்டிருக்கிறது. அன்று கதவு திறக்காவிட்டால் கரை தாங்காது. கரைக்குக் கீழே முந்நூறு வீடு. கைப்பிடியைத் தூணுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மறுபடி எழுதிய சீட்டில் இரண்டு முத்திரை வாங்கிவிட்டார். மூன்றாவது முத்திரைக்கு அரண்மனை வாசலில் ஆறு நாள் நின்றார்.

பூங்காவனம் பழைய கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். ‘ஆடிக் கடைசியில் கதவு திறக்கவில்லை’ என்று ஒச்சையா எழுதியிருந்தார். மூன்று வருடத்துக்கு முன் வேறொரு ஊர்ச்சீட்டிலும் அதே சொற்கள் இருந்தன. அது துருப்பிடித்த அச்சு. இது துரு இல்லை. மொழியில் மாதத்தின் பெரிய எண் முப்பத்தொன்று என்று யாரோ என்றோ எழுதிவிட்டார்கள். அந்த எண்ணைத் தாண்டினால் மொழிக்கு விடிவதே இல்லை. நாட்டில் ஏவல் பேசும் ஒவ்வொரு எந்திரமும் அன்று நிற்கும், நின்றால் நின்றதுதான். பதினைந்து நாள். அவள் கையில் பதினைந்து நாள் இருந்தது. அதை இரண்டு சொல்லால் கட்டிப் பரணில் போட்டிருக்கிறாள்.

மறுநாள் இருவரும் அரண்மனைக்குப் போனார்கள். காஜா எடுத்த சட்டைகளைக் கொடுக்கும் சாக்கில் பூங்காவனத்தாலும், மூட்டை சுமந்து வந்த ஒச்சையாவாலும் உள்முற்றம் வரை போக முடிந்தது. அமைச்சர் செம்மலார் பொறுமையாகவே கேட்டார்.

“பெண்ணே, ஆடிக்கு முப்பத்திரண்டாம் நாள் உண்டு என்கிறாயா?”

“இந்த ஆண்டு உண்டு, ஐயா. அரண்மனைப் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது.”

“அப்படியானால் குறை பஞ்சாங்கத்தில். அதை அடுத்த ஆண்டு விசாரிப்போம். மொழி மிகவும் குறையற்றது என்று மக்கள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பை எதிர்த்து ஒரு தேதி நிற்குமா?”

ஒச்சையா தலையைச் சொறிந்தார். “தண்ணி ஓட்டுப் போடலீங்களே, ஐயா.”

அமைச்சர் எழுத்தரைப் பார்த்து, தண்ணீரின் பெயர் வாக்காளர் பட்டியலில் விடுபட்டிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். பேட்டி முடிந்தது.

வெளியே வந்ததும் ஒச்சையா திருத்தகத்துக்குத் திரும்பினார். பூங்காவனம் மாலை வகுப்புக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்து, பழக்கத்தால் போனாள். அங்கே சுவர் ஓரமாக மூலக்கட்டு இருந்தது. பொற்பேழையில் இருப்பது அல்ல. போன ஆண்டு மாணவர்கள் பாடமாக நகலெடுத்தது. அட்டைக்கு அட்டை, துளைக்குத் துளை அதேதான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மதகு இருக்கும் ஊரில் ஒரு நகல் இருக்கிறது. மணிக்கூண்டில் ஒன்று, ஆலையில் ஒன்று; எந்திரங்கள் படிப்பது அவற்றைத்தான். முதல் அட்டை அனுமதித்ததை நாடு முழுக்கச் செய்திருக்கிறது. அமைச்சர் பூட்டியது ஒரு பெட்டியை.

அன்றே திருத்தத்தை எழுதினாள். மாதத்தின் எண்களெல்லாம் இருநூற்றேழாம் அட்டையில் இருந்தன. அந்த ஒரு அட்டையை மாற்றினால் போதும். தபால் வண்டியில் அனுப்பிவிட்டு, இரண்டு நாள் காஜாக்களைக் கோணலாக எடுத்து மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கினாள். இருபத்தேழில் பதில் வந்தது.

‘ஓட்டிப் பார்த்தேன். எல்லா வருடத்து ஆடிக்கும் முப்பத்திரண்டு நாள் கொடுத்துவிட்டீர்கள். ஒரு நாள் கூடுதலாக வாழ எனக்கு ஆட்சேபணை இல்லை. என் மணிக்கு உண்டு. மறுபடி எழுதுங்கள். சாத்தப்பன்.’

கழுத்தில் கத்தி இருக்கும்போதும் இந்த மனிதர் ஒரு துளையைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. பூங்காவனத்துக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் நிம்மதி வந்தது. தன்னை நம்ப அவளுக்குத் தெரியாது. ஆனால் தான் தவறினால் மலையில் ஒருவர் பிடித்துக்கொள்வார் என்று தெரியும். அதை வைத்துக்கொண்டு ஒருத்தி வேலை செய்ய முடியும்.

இந்த முறை மாதத்துக்கு எத்தனை நாள் என்பதை மொழிக்குச் சொல்லவே இல்லை. எந்திரத்திலேயே உள்ள பஞ்சாங்கச் சக்கரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள் என்று எழுதினாள். இருபத்தொன்பதில் பதில் வந்தது.

‘ஓட்டிப் பார்த்தேன். முந்நூறு வருடம் முன்னேயும் முந்நூறு வருடம் பின்னேயும் ஓடுகிறது. ஆணைப்படி இது ராஜதுரோகம். கீழே என் முழுப்பெயர், ஊர், கையெழுத்து.’

கீழே மூன்றும் இருந்தன. கொட்டை எழுத்தில், யாரும் தப்பாகப் படித்துவிடாதபடி. பூங்காவனம் அதற்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.

மீதி மூன்று நாள். தையற்கூடத்தில் உணவு இடைவேளையில் காஜா எடுக்கும் பெண்கள் நாற்பது பேர் ஊசியும் குத்தூசியுமாக உட்கார்ந்தார்கள். துளை போடுவதில் அவர்களை மிஞ்ச நாட்டில் ஆள் இல்லை. “துரோகம்னா எத்தனை துளைடி?” என்று கேட்டாள் முனியக்கா. அறுபத்து நான்கு என்றாள் பூங்காவனம். “அவ்வளவுதானா? ஒரு சட்டைக்கே அதுக்கு மேல ஆகும்.” வகுப்பு மாணவர்கள் சரிபார்த்தார்கள். விலகிப்போயிருந்த மூவரும் வந்து அமர்ந்து கட்டுப்போட்டார்கள். தபால் வண்டியும் மீன் வண்டியும் அட்டைகளைச் சுமந்தன. முதலில் துளையிட்டு முடிந்த அட்டையை ஒச்சையா மடியில் கட்டிக்கொண்டு போனார். திருத்தியதை மறைக்கக் கூடாது என்பதால், அரண்மனைக்கும் ஒன்று முறைப்படி அனுப்பினார்கள். ‘தேவையில்லை’ என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது.

ஆடி முப்பத்திரண்டு விடிந்தபோது பூங்காவனம் கீழ்மடைக் கரையில் நின்றாள். நீர் கரையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. கரைக்குக் கீழே அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன. யாரும் வீட்டைக் காலி செய்யவில்லை. மதகுக்காரர் அட்டையைப் போட்டுவிட்டார் என்று அவர்களுக்குத் தெரியும்.  நாட்சக்கரம் அசைந்தது. நின்றது. பஞ்சாங்கச் சக்கரத்தை ஊசி ஒருமுறை தொட்டுப் பார்த்தது. பிறகு கதவு உறுமிக்கொண்டு எழுந்தது.

“இப்ப இதுக்கு என்ன எழுதுவீங்க, தாயி?” என்றார் ஒச்சையா.

“ஓடுகிறது என்று எழுதுவேன்.”

அன்று நாடெங்கும் தறிகள் நெய்தன, ஆலைகள் அரைத்தன, மேற்கு மலையில் மணி அடித்தது. மறுநாளும் அப்படியே. எதுவும் நடக்காததால் யாரும் எதையும் கொண்டாடவில்லை.

ஆவணி முதல் நாள் பிற்பகலில் ஒரு சமையற்காரர் திருத்தகத்துக்கு மூச்சிரைக்க வந்தார். அரண்மனை மதிலிலிருந்து கயிற்றுக்கூடையில் இறங்கியவர். கையில் ஒரு பிழைச்சீட்டு. ‘ஆடிக் கடைசியில் கதவு திறக்கவில்லை. மன்னரும் அமைச்சரவையும் உள்ளே இருக்கிறோம். காய்கறி தீர்ந்துவிட்டது. செம்மலார்.’ உள்முற்றத்து முத்திரை பளிச்சென்று இருந்தது. மற்ற இரண்டு முத்திரைகளும் வெளியே இருந்தன.

இரண்டு நாளாக அரசாங்கம் உள்ளே பூட்டிக் கிடந்தது என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

கொட்டகையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. இரண்டு முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பலாம் என்றார் ஒருவர். முனியக்கா மையையும் பேனாவையும் எடுத்துப் பூங்காவனத்தின் முன் வைத்தாள். “நாலு சொல்லுகூட வேண்டாம்டி. ரெண்டே சொல்லு. உனக்கு எழுதிப் பழக்கம்தானே.”

பூங்காவனம் பேனாவை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு சீட்டை மடித்து, நாட்குறிப்பைத் திறந்தாள்.

ஆவணி 1. அரண்மனைச் சீட்டு வந்தது. ஒச்சையாவின் சீட்டில் இருந்த அதே சொற்கள். அதே பிழை என்றுதான் தோன்றுகிறது. தோன்றுவது போதாது, துருவாகவும் இருக்கலாம். நாளை காலை நேரில் போய்ச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். எடுத்துப்போக வேண்டியவை: இருநூற்றேழாம் அட்டை, எண்ணெய், கூடைக்குக் கயிறு. போகும் வழியில் கொஞ்சம் காய்கறி.