நல்ல பிள்ளைக்கு நான் போட்ட டிக்

காலை பத்து இருபது. கரும்பலகையிலிருந்து திரும்பியபோது முதலில் தெரிந்தது, விழுப்புரத்திலிருந்து வரும் மனநல ஆலோசகரின் ஸ்கூட்டர். அதன் பின்னால், முந்தானையெல்லாம் செம்மண்ணோடு என் மாணவி ரேவதியின் அம்மா வேகமாக வந்துகொண்டிருந்தார்.

ஒலக்கூர் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். பிள்ளைகளில் யாருக்காவது மனச்சங்கடம் இருக்கிறதா என்று அறிய, ஆசிரியர்கள் நிரப்பும் மதிப்பீட்டுத் தாளை முந்தைய வாரம் கொடுத்திருந்தார்கள். 'யாருடனும் பேசுவதில்லை', 'தனியாகவே இருக்கிறார்', 'சிறு தவறுக்கும் அஞ்சுகிறார்'. எதிரே 'இல்லை', 'சில சமயம்', 'எப்போதும்'. மேலே இருந்த விளக்கத்தை நான் படிக்கவில்லை. (வருஷக்கணக்கில் நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிய கைக்கு விளக்கம் எதற்கு?) திருவக்கரைக் கல்மரம்போல அசையாமல் உட்காரும் ரேவதிக்கு, மனம் குளிர்ந்து எல்லாவற்றிலும் 'எப்போதும்' போட்டேன். அந்தத் தாளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான்.

மதிப்பெண் கூடினால் சங்கடமும் கூடுதல் என்பது தலைமையாசிரியர் அறையில்தான் எனக்குத் தெரிந்தது.

"மல்லாட்டை புடுங்கிக்கினு இருந்தேன். போன் பண்ணி வரச் சொன்னாங்க. எம் பொண்ணுக்கு இன்னா சார்?" என்றார், நிலக்கடலைக் கொல்லையிலிருந்து நேராக வந்த அம்மா.

"கிளாஸ்ல யாரோடயும் பேசறதில்லன்னு சார் எழுதியிருக்காரும்மா," என்றார் ஆலோசகர்.

"இவளா? வூட்ல இவ வாய மூடினாதான் எனக்கு டிவி கேக்கும். மென்டல்னு பேரு வந்துட்டா ஊர்ல எப்பிடிங்க தலகாட்டறது? டிசி குடுத்துடுங்க."

அம்மாவின் பக்கத்தில் நின்ற ரேவதி அழ ஆரம்பித்தாள்.

ஆலோசகர் இன்னும் இரண்டு தாள்களை எடுத்தார். தமிழ் டீச்சரும் அறிவியல் டீச்சரும் நிரப்பியவை. இரண்டிலும் 'பேச்சைக் குறைக்கலாம்' என்று ஓரத்தில் எழுதியிருந்தது.

"மூணும் ஒத்துவரல. அதான் உங்கள கூப்பிட்டேன். ரேவதி, கணக்கு பீரியட்ல மட்டும் ஏம்மா பேசறதில்ல?"

"சார் பேஜாரு பண்ணுவாரு மிஸ்."

"அப்ப நீங்க சாரைத்தானே மிஸ் பாக்கணும்?" என்றார் அம்மா.

ஆலோசகர் சிரிக்கவில்லை. என் தாள்களை எடுத்துக் கிழித்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து வகுப்பு முழுவதற்கும் என்னை மறுபடி நிரப்பவைத்தார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு டிசி கேட்காமல் கொல்லைக்குத் திரும்பினார்.

திண்டிவனத்தில் என் வீட்டில், நான் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால், "விழுப்புரம் மேடத்துக்கு போன் போடட்டுமா?" என்று மனைவி இன்றும் கேட்கிறாள்.

அம்மா வந்துபோனதற்கு மறுநாள் கணக்கு வகுப்பில் ரேவதி கை தூக்கினாள்.

"சார், மூணாவது வரி தப்பு சார்."

மூன்றாவது வரி தப்பாகத்தான் இருந்தது.