திருமதி லூசி உள்ளே வந்த வழி

பாளையங்கோட்டை,
23.8.1999

உவரியில் இருக்கும் என் கூடப்பிறந்த லூசிக்கு உன் அக்காள் சவேரியம்மாள் எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை விசாரிப்பது முறை என்பதால் விசாரித்துக்கொள்கிறேன். பதில் வேண்டாம்.

மீன் லாரி இசக்கியப்பன் நேற்று வந்து, என் பேரன் பெனிட்டோவின் கல்யாணப் பத்திரிகை உனக்கு வந்ததாகவும், அதை நீ மாதா படத்துக்குக் கீழே வைத்து அழுததாகவும், புதுச் சேலை எடுக்க வள்ளியூருக்குப் போனதாகவும் சொன்னான். சேலையை மடிப்புக் கலைக்காமல் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. பத்திரிகையை நான் அனுப்பவில்லை. மெஷின் அனுப்பியது.

பெனிட்டோவின் தங்கை ரெனிஷா இங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படிக்கிறாள். ஒருத்தர் எழுதிய புரோகிராமில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது, பார்த்த பின் வேலைக்கு இறக்குவது, இறக்கிய பின் ஆள் கை படாமல் அதுவே ஓடும்படி செய்வது, இதற்கு ஒரு படிப்பாம். நம் அப்பா வள்ளம் கட்டிக் கடலில் இறக்கும்போது செய்ததுதானே என்றேன். படிப்பை வீட்டிலேயே பழகிப் பார்க்கிறேன் என்று, அண்ணன் கல்யாணக் கவர்களில் மெஷினே விலாசம் அடிக்கும்படி ஒன்று செய்தாள். விலாசம் அத்தனையும் என் வாயிலிருந்துதான் எடுத்தாள். எனக்குத்தான் ஒன்றும் மறக்காதே. பிறகு கேட்டாள்: "ஆச்சி, எந்தக் காலத்துலயும் யாருக்குப் பத்திரிகை போவக் கூடாது? அந்தப் பேரையும் உள்ள போட்டு, மெஷின் தடுக்குதான்னு பாக்கணும்." மூச்சு விடாமல் உன் பெயரை உவரி விலாசத்தோடு சொன்னேன். "சின்னாச்சியவா? அவிய என்ன செஞ்சாவ?" என்றாள். 1952இல் என் கல்யாணப் பந்தியில், சீலா மீன் நடுத்துண்டை எல்லாம் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைத்துவிட்டு, மணப்பெண்ணான எனக்கு வால் துண்டைப் போட்டு, "பொண்ணு வெக்கத்துல திங்கவா போறா, இது போதும்" என்று நீ சொன்னதை, யார் யார் சிரித்தார்கள் என்பது வரை சொன்னேன். "இதுக்கா ஆச்சி இத்தன வருசம்?" என்றாள். வால் துண்டு தின்றவளுக்குத்தானே முள் தெரியும்.

மெஷின் உன்னைத் தடுத்தது. எல்லோருக்கும் கவர் அடித்துவிட்டு, உன்னிடம் வந்ததும் நின்று, இந்தப் பெயர் கூடாது என்று எழுதிக் காட்டியது. இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்கவும் ஒன்று இருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அதோடு விட்டிருக்கலாம். கவரை வாங்கிப் பார்த்தேன், பெயர் எல்லாம் மொட்டையாக இருந்தது. "ஏட்டி, கல்யாணப் பத்திரிகைல இப்படியா போடுவாவ? திரு, திருமதின்னு மரியாதையா போடு" என்றேன். போட்டு, எல்லாக் கவரையும் புதிதாக அடித்தாள். ஒரு பலகையை மாற்றினாலும் முழு வள்ளத்தையும் மறுபடி பார்க்கணும் என்பார் அப்பா. அவளுடைய வாத்தியார் வேதநாயகமும் அதையேதான் சொல்லியிருக்கிறாராம். இவள் பார்க்கவில்லை. கூடாதென்று அவள் எழுதி வைத்தது லூசி. இப்போது வந்து நின்றதோ திருமதி லூசி. இது வேறு யாரோ பெரிய மனுஷி போல என்று மெஷின் உன்னை உள்ளே விட்டுவிட்டது. எல்லாம் கை படாமல் நடக்கணும் என்று கவரை யாரையும் பார்க்கவும் விடவில்லை; என் மகன் வளன் கட்டோடு கொண்டுபோய்த் தபாலில் போட்டுட்டு வந்துட்டான். "மெஷின் சரியாத்தான் இருந்திச்சு ஆச்சி, மரியாதை குடுத்ததும் கெட்டுப்போச்சு"ங்கா ரெனிஷா. குடுக்கச் சொன்னது யாரு? நான். எங்க போயி முட்டிக்க?

ஆகையால் லூசி, அது தவறி வந்த பத்திரிகை. நீ வர வேண்டாம். அழுததற்கு நான் பொறுப்பில்லை.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர். மூத்தவள் என்கிற கடமைக்காக உனக்கும் கொஞ்சம். சேசு மரி சூசை துணை.

இப்படிக்கு,
அந்தப் பந்தியின் மணப்பெண்
சவேரியம்மாள்

பி.கு.: இந்தக் கடிதத்தின் கவரையும் மெஷினில்தான் அடித்தோம். லூசி என்று போட்டால் அது அசைய மாட்டேன் என்கிறது. வேறு வழியில்லாமல் திருமதி லூசி என்றே அனுப்புகிறேன். "ஓட்டைய அடைச்சிரவா ஆச்சி?" என்று ரெனிஷா கேட்டாள். "கெடக்கட்டும்ட்டி, கல்யாணம் முடியட்டும்" என்று சொல்லிவிட்டேன். இசக்கியப்பன் லாரியில் உனக்கு முன் சீட்டு சொல்லி வைத்திருக்கிறேன். சேலையைத் திருப்பிக் கொடுத்திருந்தால் மறுபடி போய் வாங்கு. நல்ல சீலா கிடைத்தால் கொண்டு வா. பந்தியில் நானே பரிமாறுவேன். வால் உனக்கு.