ஒழுக்கை நிறுத்திய கை

தன் காரில் ஒழுகும் ஆயிலைத் தன் கையாலேயே நிறுத்திக் காட்டுவதென்று எர்காஷ் வாத்தியார் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவெடுத்தார். கோகந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பூகோளம் நடத்துகிறவர். ஸ்பேனரை அதுவரை அவர் தொட்டது அக்ரூட் உடைக்க மட்டும்தான்.

ஆரம்பித்து வைத்தவள் மனைவி மஸ்தூரா. விடிந்ததும் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தவள், கார் நின்ற இடத்தில் தட்டகலத்துக்குக் கறுப்பாக ஒரு வட்டத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, உங்க கார் இன்னைக்கும் வாசல்ல போயிருக்கு."

"அது ஆயில்."

"கோழி போனாக்கூட அள்ளிடலாம், இது தேய்ச்சாலும் போகல. சாவியைக் குடுங்க, நானே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போறேன்."

"நீயா? பாக்கலாம், பாக்கலாம்."

இந்தப் 'பாக்கலாம்'முக்கு வயசு மூன்று. மூன்று வருஷத்துக்கு முன்பே மஸ்தூரா டிரைவிங் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். வியாழன்தோறும் மர்கிலான் சந்தைக்குத் தான் தைத்த தொப்பிகளை எடுத்துப் போகிறவள், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாடகை வேனில் நசுங்கித்தான் போய்வந்தாள். காரின் சாவியோ வாத்தியாரின் சட்டைப் பையில் குடியிருந்தது. தூங்கும்போதுகூட அவர் அந்தச் சட்டையைக் கழற்றியதில்லை.

வாத்தியார் பானட்டைத் தூக்கினார். அவ்வளவுதான், தெரு கூடிவிட்டது. எங்கள் தெருவில் கல்யாணத்துக்குக்கூட அழைக்காமல் ஆண்கள் வரமாட்டார்கள், திறந்த பானட்டுக்கு மட்டும் அழைப்பே வேண்டாம். வாசலுக்கு வந்தவன் விருந்தாளி, விருந்தாளிக்கு டீயும் ரொட்டியும் வைத்தே ஆகவேண்டும். மூன்று நாளில் மஸ்தூரா பதினாறு கெண்டி டீ போட்டாள். ரொட்டி அடுப்பு அணையவே இல்லை.

காரின் அடிவாரத்துக்கு நிபுணர் எதிர்வீட்டு நோர்மத் அண்ணன். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குனிந்து பார்த்தார், விரலால் தொட்டார், முகர்ந்தார், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டார்.

"பின்பக்க ஆயில் சீல் போயிடுச்சு வாத்தியாரே. இன்ஜினையே இறக்கணும்."

"இறக்கிட வேண்டியதுதான்," என்றார் வாத்தியார், ஏதோ அலமாரியிலிருந்து அட்லஸை இறக்குவதுபோல.

டீ ஊற்றிக்கொண்டிருந்த மஸ்தூரா கேட்டாள்: "ஏங்க, மேல ஏதாவது ஒழுகி வழிஞ்சு வருதான்னு பாத்தீங்களா?"

"சொட்டுறது கீழ. நான் எதுக்கு மேல பாக்கணும்?"

"சரி, உங்களால முடியலன்னா? வேற யாராவது சரி பண்ணிட்டா?"

பத்துப் பேர் பார்க்கிறார்கள். வாத்தியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. தட்டிலிருந்த முழு ரொட்டியைக் கையில் எடுத்தார்.

"இந்த ரொட்டி மேல சத்தியம். இந்த ஒழுக்கை எந்தக் கை நிறுத்துதோ, அந்தக் கையிலதான் இனிமே இந்தச் சாவி இருக்கும்."

"ரொட்டியைக் கீழ வைக்காதீங்க," என்றாள் மஸ்தூரா. "நோர்மத் அண்ணன் மென்னுக்கிட்டு இருந்தாரு, காதுல விழுந்திருக்காது. இன்னொரு தரம் சொல்லுங்க."

அவர் இன்னும் உரக்கச் சொன்னார். ரொட்டி மேல் சத்தியம் செய்ததை எங்கள் தெருவில் யாரும் திருப்பி வாங்கியதில்லை. வாத்தியாருக்கு அது தெரியும். அடுத்தவன் கை அந்தப் பக்கமே வராது என்ற தைரியம்தான். கார் அடியில் படுத்து, கண்ணில் பட்ட போல்ட் ஒன்றை முக்கி முக்கி இறுக்கினார். மீசையெல்லாம் ஆயில். ஆயில் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை முடிந்ததும், நோர்மத் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஆயில் சீல் வாங்கச் சந்தைக்குப் போனார். அண்ணனின் வண்டியில் போனதால், மாற்றிய சட்டையில் சாவி இல்லாததை அவர் கவனிக்கவில்லை. ஆயில் பட்ட சட்டையைத் துவைக்கப் போடும்படி அன்று காலையில் அவ்வளவு அன்பாகக் கேட்டிருந்தாள் மஸ்தூரா.

சீலோடு திரும்பியவர், கார் அடியில் விரித்திருந்த புது அட்டையைப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கலாமென்று பையைத் தடவினார். துவைக்கிற சட்டையில் கிடந்ததென்று மஸ்தூரா சாவியை எடுத்து நீட்டினாள். கால் மணி நேரம் ஓடவிட்டார். அப்போதும் ஒரு சொட்டு இல்லை.

"நான் இறுக்கின போல்ட்," என்றார் வாத்தியார். அவருக்கே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. "எல்லாரையும் கூப்பிடுங்க அண்ணே. சீல் எதுக்கு, இன்ஜினை இறக்குறது எதுக்கு? கை ராசி வேணும்."

தெரு கூடியது. வாத்தியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பானட்டைத் தூக்கினார்.

இன்ஜின் கழுவிய அண்டா மாதிரி மின்னியது. அதன்மேல் சன்னமாக மாவு தூவியிருந்தது. உச்சியிலிருந்த மூடியின் ஓரத்தில் தொடங்கி, மாவை நனைத்துக்கொண்டு பின்பக்கமாகக் கீழே இறங்கியது கறுப்பாக ஒரு கோடு. மூடிக்கு அடியில் புத்தம் புது பேக்கிங்.

நோர்மத் அண்ணன் மாவைத் தொட்டு நாக்கில் வைத்தார். "வாத்தியாரே, இது கோதுமை மாவு."

"வண்டு விழுந்த மாவுதான், பாவமில்ல," என்றாள் மஸ்தூரா. "சோடா போட்டுக் கழுவினேன். சல்லடையில மாவைச் சலிச்சுத் தூவினேன். வண்டியை ஓடவிட்டா, ஆயிலே எனக்கு வழி காட்டிடுச்சு. சம்சா ஓரம் சரியா ஒட்டலன்னா கொழுப்பு மேல கசிஞ்சு அடியில வந்து சேராதா? அதே கதைதான். ஓரத்துல இருந்த ரப்பர் பேக்கிங்கைக் கடையில புதுசு வாங்கி மாத்தினேன், மூடியை முடுக்கினேன். அந்தக் கோடு உங்களுக்குக் காட்டுறதுக்காக விட்டு வச்சது."

வாத்தியார் அந்தக் கோட்டை விரலால் கீழிருந்து மேலே தடவிப் பார்த்தார். மஸ்தூரா விடவில்லை.

"ஆறு மலையில பொறந்து கீழ ஓடி வருதுன்னு இருபத்திரண்டு வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறது யாரு?"

பிள்ளைகளிடம் ஆற்றின் ஊற்று எங்கே என்று கேட்டு, சொல்லாதவர்களை முட்டி போட வைத்த வாத்தியார், நான்கு நாளாகத் தானே முட்டி போட்டிருந்தார். தெருவே அவருடைய சட்டைப் பையைப் பார்த்தது. நோர்மத் அண்ணன் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்து, வாத்தியார் கண்ணுக்கு நேராக நீட்டினார்.

சாவி கை மாறியது.

அடுத்த வியாழக்கிழமை தொப்பி மூட்டை பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தது. மஸ்தூரா கண்ணாடியைச் சரிசெய்தாள், கியரைப் போட்டாள். வழியனுப்ப நின்ற தெரு ஆண்கள் பதினொரு பேர்.

"என்னங்க, வாசல்ல விருந்தாளிங்க நிக்கிறாங்க. கெண்டி அடுப்பு மேல இருக்கு. அது கொஞ்சம் ஒழுகும், சரி பண்ணி வையுங்க."

கார் தெருமுனை திரும்பியது. வாத்தியார் உள்ளே போய்க் கெண்டியைத் தூக்கினார். அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. பட்ட பாடு சும்மா போகுமா, இந்த முறை அவர் கீழே பார்க்கவே இல்லை. மூடியைத் திறந்தார், ஓரத்தைத் தடவினார், கெண்டியின் மூக்கைத் துடைத்தார், பிடியை ஆட்டினார், சல்லடை நிறைய மாவு சலித்து மேலிருந்து கீழ்வரை தூவினார். அரை மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தார்.

ஓட்டை அடியில்தான் இருந்தது.