கண்ணாடிக்காரரின் கருநீல அறை

அந்த அறையை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பல் தேய்க்கும்போதே முடிவு கட்டிவிட்டார்.

மகள் கல்யாணமாகிப் போய் ஒரு மாதம். அவள் அறை காலி. ஒரு நாற்காலி, ஒரு மேசை விளக்கு, சுற்றிலும் தன் புத்தகங்கள் என்று மனுஷர் மனக்கோட்டை கட்டிக் குடியே போயிருந்தார். அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கிறவள். தையல் மெஷின் கூடத்தில், சாப்பாட்டு மேசையை ஒட்டிக் கிடந்தது. வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவர் வாயில் நூல் அகப்படும். அவளுக்கும் அந்த அறைமேல் ஒரு கண் என்று அவருக்குத் தெரியும். ஆனால் இருவரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. முதலில் கேட்கிறவர் கட்சி தோற்கும் என்பது இருபத்தாறு வருஷ அனுபவம். அதனால் பேச்செல்லாம் அறைக்கு என்ன பெயின்ட் அடிப்பது என்பதோடு நின்றது.

அதில்தான் அவர் திட்டம் போட்டார். சுவருக்குக் கருநீலம் அடித்தால் அறை பகலிலேயே இருட்டிவிடும். அவருக்கு மேசை விளக்கு போதும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிறவளுக்குப் போதாது. தானாக ஒதுங்கிக்கொள்வாள்.

ஆனால் கருநீலத்தை அவள் வாயாலேயே கேட்கவைக்க வேண்டும். அதற்கும் தொழில் கை கொடுத்தது. கடையில் கண் சோதிக்கும்போது ஒரு வில்லையை மாட்டி இது தெளிவா என்பார், மாற்றி மாட்டி இதுவா என்பார். ஏழெட்டு தடவை மாற்றினால் வந்த ஆள் அலுத்துப்போய், அவர் எந்தப் பக்கம் குரலை அழுத்துகிறாரோ அந்தப் பக்கம் தலையாட்டிவிடுவார்.

பெயின்ட் கடையில் கொடுத்த வண்ண அட்டையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு, காலர் தைத்துக்கொண்டிருந்த மனைவி முன்னால் போய் உட்கார்ந்தார். ஒரு கையில் கருநீலம், மறு கையில் காமாலை மஞ்சள்.

“இதுவா, இல்ல இதுவா?”

“நீலம்.”

அடுத்து கருநீலமும் பாசிப் பச்சையும். அதற்கடுத்து கருநீலமும் துருப்பிடித்த சிவப்பும். ஐந்து சுற்று போனது. ஐந்திலும் நீலம்தான் ஜெயித்தது.

“நீலமே இருக்கட்டுங்க. உங்க கண்ணுக்குத் தெரியாததா?” என்று அவள் காலரைத் திருப்பிப் போட்டாள்.

வெற்றி இத்தனை சுலபமாகக் கிடைத்ததே அவரைக் குடைய ஆரம்பித்தது. ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கும்போதுகூட விட்டுக்கொடுக்காதவள். மறுநாள் கடையிலிருந்து வந்து பார்த்தால், காலி அறையின் தரையில் மண்டியிட்டு, தையல் டேப்பால் நீளமும் அகலமும் அளந்துகொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டார். சும்மா, இடம் போதுமான்னு பாத்தேன் என்றாள். எதற்குப் போதும் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் கட்சி தோற்குமே.

சுவரில் இரண்டாவது பூச்சு ஏறிய அன்று பெயின்ட்டரைத் தனியாகப் பிடித்து, வீட்டம்மா ஏதாவது சொன்னாளா என்று விசாரித்தார். ஜன்னலுக்குக் கனமான திரையாகப் போடப் போகிறார்களாம், கம்பி எங்கே மாட்டலாம் என்று கேட்டார்கள் என்றார் பெயின்ட்டர்.

கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு இளகிவிட்டது. வெளிச்சம் கண்ணைக் கூசாமல் புருஷன் நிம்மதியாகப் படிக்கட்டும் என்றல்லவா திரை தைக்கிறாள். இவளிடமா காய் நகர்த்தினோம் என்று வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று வீட்டுக்கு வந்தார்.

கூடத்தில் மெஷின் இல்லை. சத்தம் அவர்கள் படுக்கையறையிலிருந்து வந்தது. வீட்டிலேயே பெரிய அறை அது, இரண்டு ஜன்னல். கட்டில் கிடந்த இடத்தில் மெஷின். மெஷின் தலையில், படிக்கவென்று அவர் வாங்கி வைத்திருந்த மேசை விளக்கு. கட்டில், சுவருக்குச் சுவர் அடைத்துக்கொண்டு கருநீல அறையில் கிடந்தது.

“என்ன இது?”

“பகல்லயே கும்முன்னு இருட்டா இருக்குங்க அந்த ரூம். தூங்கறதுக்குன்னே அடிச்ச மாதிரி இருக்கு. பெயின்ட்டர்தான் கட்டிலுக்கு ஒரு கை குடுத்தாரு.”

“நான் அங்க உக்காந்து படிக்கலாம்னு…”

“இருட்டுல படிச்சா கண்ணு கெட்டுடும்னு கடையில நீங்கதான பலகை எழுதி மாட்டியிருக்கீங்க?”

மாட்டியிருந்தார். சொந்தக் கையெழுத்து.

கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவருக்கு அதைவிடத் தெரிந்துகொள்ளத்தான் ஆசையாக இருந்தது.

“இது உனக்கு எப்பத் தோணுச்சு?”

“நீங்க மூணாவது தடவையும் நீலத்தையே காட்டினீங்களே, அப்ப.”

“அப்புறம் எதுக்கு இன்னும் ரெண்டு தடவை பதில் சொன்ன?”

“பாவம், அட்டையெல்லாம் வெட்டிக் கொண்டாந்துட்டீங்க.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, இரண்டு கையையும் அவர் முன்னால் நீட்டினாள்.

“கட்டில்ல உங்களுக்குச் செவத்தோரமா, இல்ல கதவோரமா?”

கண்ணாடிக்காரர் ரொம்ப நேரம் யோசித்து, சுவரோரம் என்றார்.