கேஸ்காரர்களை வர வேண்டாமென்று சொல்லுங்கள்

கூஸ் க்ரீக் ரோடு,
ஜனவரி 16, வியாழன்

மரியாதைக்குரிய மச்சான் தாயிஸ்தோ அவர்களுக்கு,

ரெய்னோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை லெம்பியும் நலம். வாசல் கதவைத் திறக்க விடாமல் பனியும் நலமாகவே இருக்கிறது. உங்கள் முழங்கால் வலி இந்தக் குளிரில் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய புகைபோட்ட மீன் வந்து சேர்ந்தது, அன்றைக்கே தீர்ந்தும் போனது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கண்டுபிடித்துவிட்டேன் மச்சான். எங்கள் நிலவறை விறகு உலையிலிருந்து வீட்டுக்குள் சூட்டை ஊதும் புளோயர் ஏன் நினைத்தால் ஓடுகிறது, நினைத்தால் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். ஆகவே, வருகிற திங்கட்கிழமை இந்த உலையைக் கழற்றி எறிந்துவிட்டு கேஸ் உலை வைக்க நீங்கள் ஏற்பாடு செய்திருக்கும் ஆட்களை வர வேண்டாமென்று இந்தக் கடிதம் கண்டதும் சொல்லிவிடுங்கள். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் உங்களோடு இரண்டு வார்த்தை பேசுவதற்குள் லெம்பி ரிசீவரைப் பிடுங்கிக்கொள்வாள்.

அவள் வைத்த கெடு உங்களுக்குத் தெரிந்ததுதான். "ஜனவரி பாதிக்குள்ள அது ஒழுங்கா ஓடணும் ரெய்னோ. இல்லேன்னா கேஸ்தான். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது." முப்பத்தோரு வருஷமாக அந்த உலைக்கு நான்தான் மேப்பிள் மரம் வெட்டி, பிளந்து, அடுக்கி, தீனி போடுகிறேன். சுரங்க வேலை போன பிறகு நான் உருப்படியாகச் செய்கிற காரியம் அது ஒன்றுதான். சுவரில் ஒரு குமிழைத் திருகிவிட்டு நாற்காலியில் போய் உட்காருகிற ஆளாக என்னை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதனால் போர்க்கால அடிப்படையில் இறங்கினேன். முதலில் பெல்ட். பக்கத்து வீட்டு வெர்ன் லபோ வந்து, கையில் காப்பியோடு உலையை மூன்று சுற்று சுற்றிவிட்டு, "பெல்ட் தொங்குது, மாத்து" என்றான். மாற்றினேன். புளோயர் சிங்கம் மாதிரி கர்ஜித்தது, மாடியில் திரைச்சீலை பறந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சனிக்கிழமையும் அதுவுமாக இருந்ததால் நிலவறையிலேயே இருக்கும் சவுனா நீராவி அறையை நன்றாகச் சூடேற்றி நானும் லெம்பியும் வேர்த்துக் கொட்டக் கொட்ட உட்கார்ந்து எழுந்து, மேலே வந்து ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் தோய்த்து வாயில் வைக்கிறோம், புளோயர் நின்றுவிட்டது. கீழே போய்ப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை, அரை மணி கழித்துத் தானாகவே ஓடுகிறது. சரி, சூட்டைப் பார்த்து புளோயரைக் கிளப்பிவிடும் சுவிட்ச்தான் கெட்டிருக்கும் என்று அதை மாற்றினேன். மூன்று நாள் அருமையாக ஓடியது. வெற்றியைக் கொண்டாடப் புதன்கிழமை சவுனா. ரொட்டி வாய்க்குப் போவதற்குள் நின்றது. அடுத்து மோட்டாரையே மாற்றினேன் மச்சான், அதைக் கழற்ற நான் பட்ட பாட்டில் என் கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பாக இருக்கிறது, புது மோட்டாரும் இரண்டு நாள் ஓடியது, சனிக்கிழமை சவுனா முடிந்து வந்தால் வீட்டில் சத்தமே இல்லை. லெம்பி காலண்டரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் திட்டியிருக்கலாம்.

நேற்று வெர்னைச் சவுனாவுக்குக் கூப்பிட்டேன். அங்கேயே இருந்து, நிற்கிற நேரத்தில் பிடித்துவிடலாம் என்று திட்டம். குளித்து முடித்து வெளியே வந்தோம். வெர்ன் தலையைத் துடைத்துவிட்டு, "துண்ட எங்க காயப்போடறது?" என்றான்.

எனக்குப் பெருமை தாளவில்லை. ஏனென்றால் அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. புளோயர் பெட்டியின் பக்கவாட்டில் காற்றை உள்ளே இழுக்கும் பெரிய சல்லடை இருக்கிறதல்லவா, அதன்மேல் ஈரத்துண்டை வைத்தால் போதும். கொடி வேண்டாம், கிளிப் வேண்டாம், காற்றே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அரை மணியில் மொறமொறவென்று காய்ந்துவிடும். இந்தக் குளிர்காலத்தில்தான் கண்டுபிடித்தேன். வெர்னுக்குச் செய்து காட்டினேன். என் துண்டு, அவன் துண்டு, ஓரத்தில் இரண்டு கம்பளிக் காலுறை. சல்லடை முழுக்க மூடிவிட்டது.

வெர்ன் சல்லடையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"ஒவ்வொரு சவுனாவுக்கும் இப்படித்தான் போடுவியா?"

"ஆமா. நல்லா இருக்கில்ல?"

"ரொம்ப நல்லா இருக்கு. உன் மூக்கப் பொத்திட்டு ஓடச் சொன்னா எவ்வளவு தூரம்டா ஓடுவே?"

துண்டை உரித்தான். புளோயரின் சத்தமே மாறியது. மறுபடி போட்டான், அதற்கு மூச்சு முட்டியது. உள்ளே காற்றுப் போகாமல் மோட்டார் கொதித்து, எரிந்து போகாமலிருக்கத் தானே அணைந்துகொள்கிறது, ஆறியதும் ஓடுகிறது. நான் ஒழுங்கான மனிதன் அல்லவா, நின்றதும் ஓடிப்போய் முதலில் துண்டுகளை எடுத்து மடித்து வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பேன். தடயத்தை நானே துடைத்துவிட்டு மூன்று வாரமாகக் குற்றவாளியைத் தேடியிருக்கிறேன்.

"பெல்ட்ட மாத்துன, சுவிட்ச மாத்துன, மோட்டார மாத்துன" என்றான் வெர்ன். "மாத்தாம மிச்சம் வச்சது உன் மூளைய மட்டும்தான்."

அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். நேற்று மாலையிலிருந்து, இதோ இன்று மதியம் நான் எழுதும் இந்த நிமிஷம் வரை, புளோயர் ஒரு முறைகூட நிற்கவில்லை. வீடு முழுக்க அதன் இரைச்சல்தான், எனக்கு அது பாட்டுக் கச்சேரியாகக் கேட்கிறது. உலை தப்பித்தது மச்சான், நானும் தப்பித்தேன். கேஸ்காரர்களுக்கு என் அனுதாபத்தைச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் வீட்டில் அனைவருக்கும் இந்தக் குளிர்காலம் நோய்நொடியில்லாமல் கழியட்டும்.

அன்பும் மரியாதையும் மாறாத மைத்துனன்,
ரெய்னோ கங்காஸ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் லெம்பிக்கு இதைப் படித்துக் காட்டினேன். துண்டு கட்டத்தில் சிரிப்பாள் என்று நிறுத்தி நிறுத்திப் படித்தேன். சிரிக்கவில்லை.

"நல்லா எழுதியிருக்கே. ஆனா கேஸ்காரங்க வரட்டும்."

"ஏன்? அதான் ஓடுதே."

"அது நிக்கறப்போ எனக்குக் கவலையே இல்ல ரெய்னோ. நீ கீழ சுத்தியல போடறது, திட்டறது, எல்லாம் கேக்கும். ஓடறப்போதான் பயம்."

அக்டோபரில் ஒரு கை விறகோடு நிலவறைப் படியில் சறுக்கி விழுந்தேன். இதை உங்களிடம் சொல்லவில்லை. இருபது நிமிஷம் கீழே கிடந்து கூப்பிட்டேன். புளோயர் இரைச்சலில் மேலே அவளுக்குக் கேட்கவில்லை. நான் அதை மறந்தே போனேன். அவள் அன்றிலிருந்து, நான் ஒவ்வொரு முறை விறகு போட இறங்கும்போதும், படிக்கு மேலே நின்று என் தலை தெரிகிற வரை எண்ணிக்கொண்டிருக்கிறாளாம். ஒரு நாளைக்கு எட்டு முறை.

"சவுனாவுக்கும் நான் கீழதானே போறேன்?" என்றேன்.

"சவுனாவுக்கு யாராவது கூட இருக்காங்க. அது வேற" என்றாள்.

ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். திங்கட்கிழமை அவர்கள் வரட்டும். சத்தம் போடாத உலையாகப் பார்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.