நேர்கோட்டில் உருண்ட தகப்பன்

என்னைவிட நல்ல தகப்பன் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இல்லை என்று ஒரு காலத்தில் நான் மனதார நம்பியிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையிலும், சைக்கிள் திருத்தும் கடையிலும், சங்கக்கடை வரிசையிலும் அதை வாயாலும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிள்ளை வளர்ப்பது தாயின் வேலை என்றிருந்த ஊரில் நானே மகளைக் குளிப்பாட்டினேன், நானே சோறு தீத்தினேன், நானே தலை பின்னினேன். (இரட்டைப் பின்னலில் ஒன்று காதுக்கு மேலேயும் மற்றது காதுக்குக் கீழேயும் தொங்கும். அது வேறு கதை.)

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் கிடைக்கவில்லை. மகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டையைப் பனம்பழத்தில் தோய்த்துக் கொடியில் போட்டேன். சட்டை காவியானது. வாசத்துக்கு வந்த அயல்வீட்டு ஆடு ஒரு கையைச் சப்பித் தின்றுவிட்டது. மகள் வாணி அன்று அரைச் சாமியாராகத்தான் முதலாம் வகுப்புக்குப் போனாள். அதையும் நான் நவீனத் தகப்பனின் தியாகக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

எனக்கு எதிர்க்கட்சி என்று இருந்தவர் மனைவியின் தமையன், செல்வராசா மச்சான். வெங்காயத் தோட்டம் செய்பவர். வைரம் பாய்ந்த உடம்பு. ஆண்டுதோறும் ஊர்ப் பிள்ளையார் கோயில் தேரன்று பிரதட்டை பண்ணுவார். அதாவது ஈர வேட்டியோடு கோயில் வீதி மணலில் படுத்து, கைகளைத் தலைக்கு மேலே நீட்டித் தேங்காயைப் பிடித்துக்கொண்டு, தேரின் பின்னால் கோயிலை ஒரு சுற்று உருண்டு வருவார். நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிறவன். நீங்கள் உருளுவதில் பிள்ளையாருக்கு என்ன இலாபம் மச்சான் என்று வருடத்துக்கு ஒரு முறை தவறாமல் கேட்பேன். அவர் சிரித்துவிட்டு முதுகு மணலைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்.

அந்த வருடம் வாணிக்கு டைபாய்டு என்னும் நெருப்புக் காய்ச்சல் வந்தது. பெரியாஸ்பத்திரிக்குச் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இரண்டு கிழமை, பதினான்கு நாள் கடந்தும் காய்ச்சல் விடவில்லை. மருந்து கப்பலில் வரவேண்டும் என்றார்கள். கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளையின் கையைத் தொட்டால் அடுப்பங்கல்லைத் தொட்ட மாதிரிச் சுட்டது. என் பௌதிகம் முழுவதும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துக்கொண்டது.

ஒரு பின்னேரம் மச்சான் வந்து கட்டிலருகே நின்றார். "மருமோளுக்கு எண்டு நேந்திருக்கிறன். இந்தத் தேருக்கு அவளுக்காக ஒரு பிரதட்டை" என்றார்.

நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. எனக்கோ சுருக்கென்றது. என் பிள்ளைக்கு இன்னொருவர் உருளுவதா?

"என்ரை பிள்ளைக்கு நான் உருளுவன்" என்றேன். வாய்தான் சொன்னது. மூளை பிறகுதான் வந்து சேர்ந்தது.

கண்ணை மூடிக் கிடந்த வாணி மெல்லத் திறந்து பார்த்தாள். "உண்மையாவோ அப்பா? முழுக்கவோ?"

"ஓம் குஞ்சு. முழுக்க."

கப்பல் வந்தது. மருந்தும் வந்தது. பிள்ளை எழும்பினாள். தலைமயிர் மட்டும் கொட்டிப்போனதால் மொட்டை அடித்தோம். எனது பின்னல் உத்தியோகமும் அத்தோடு போயிற்று. தேருக்கு இன்னும் ஆறு கிழமை இருந்தது.

உருளுவது ஒரு பெரிய வேலையா என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலில் கோயில் வீதியை அடியால் அளந்தேன். மனைவி சாந்தியின் தையல் நாடாவால் என் உடம்பின் சுற்றளவை அளந்தேன். அளந்த இடம் வண்டி. (எங்கள் ஊரில் தொந்தியை வண்டி என்போம். தடைக் காலத்தில் ஊரே மெலிந்தது, என் வண்டி மட்டும் மெலியவில்லை.) ஒன்றை மற்றதால் வகுத்தேன். முந்நூற்றுப் பதினேழு உருளல். அதைக் கரும்பலகையில் எழுதாத குறைதான்.

பிறகு பயிற்சி. வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, தேங்காயைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஐந்து அந்தப் பக்கம் ஐந்து என்று உருண்டேன். வாணி கதவு நிலையில் இருந்து எண்ணுவாள். ஒவ்வொரு முறையும் ஐந்தாவது உருளலில் என் கால் போய் மேசைக் காலில் இடித்தது. மேசை இடம் மாறி நிற்கிறது என்று முடிவு செய்து, மேசையைத் தள்ளி வைத்தேன்.

மச்சான் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டார். "மச்சான், ஆள் நேரை உருளாது. கால்ப்பக்கமா இழுத்துக்கொண்டு போகும். எனக்கும் ஆரேன் காலடியிலை நிண்டு தள்ளிவிடுறவை. உமக்கு நான் வாறன்" என்றார்.

ஒரு வெங்காயத் தோட்டக்காரர் எனக்கு அசைவு விதி சொல்லித் தருகிறார்! வெளிவிசை எதுவும் தாக்காவிட்டால் ஒரு பொருள் நேர்கோட்டிலேயே செல்லும் என்று அவருக்கு நின்ற நிலையில் அரை மணி நேரம் விளக்கினேன். அதோடு, பிடித்துத் தள்ளி முடிக்கிற நேர்த்திக்கடன் பாதி நேர்த்திதான் என்றும், பிள்ளைக்காகப் படும் பாட்டைத் தகப்பன் தனியே படவேண்டும் என்றும் சொன்னேன். சாந்தி குசினி அடுப்பருகே இருந்து, அண்ணை தானாய் வாறன் என்கிறார், மனுசன் வரட்டுமே என்றாள். மாட்டேன் என்றேன். கெடுகுடி சொற்கேளாது.

தேரன்று விடிய, கேணியில் முழுகி, ஈர வேட்டியோடு வீதியில் நின்றேன். தேர் அசைந்தது. அரோகரா என்ற சத்தம் எழும்ப, பதினைந்து இருபது பேர் மணலில் விழுந்தோம். சுவாமி பக்கம் காலை நீட்டக்கூடாது என்பதால் எல்லாருக்கும் தலை கோயில் பக்கம், கால் வெளிப்பக்கம். மற்ற எல்லாருடைய காலடியிலும் ஒரு அண்ணனோ தம்பியோ நின்றான். என் காலடியில் காற்று மட்டும்தான்.

முதல் பத்து உருளலும் கம்பீரம். இருபதில் வானமும் மணலும் இடம் மாறத் தொடங்கின. முப்பதில் காலையில் குடித்த தேத்தண்ணி தொண்டைக்கு வந்து நலம் விசாரித்தது. விறாந்தையில் பாய் இருந்தது. இங்கே மணல் மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும், சொல்லக்கூடாத இடங்களுக்குள்ளும் போயிற்று. தலைச்சுற்றுக்குப் பார்வைதான் காரணம் என்று விஞ்ஞானபூர்வமாகத் தீர்மானித்து, கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

அதன்பிறகு அற்புதமாக இருந்தது. யாரோ "மாஸ்டர்! மாஸ்டர்!" என்று கூப்பிடுவது கேட்டது. பிறகு பலர் கூப்பிட்டார்கள். பெண்கள் குரலும் சேர்ந்தது. ஊரே எனக்கு உற்சாகம் கொடுக்கிறது என்று நெஞ்சு நிறைந்துபோனது. வேகத்தைக் கூட்டினேன். சத்தமும் கூடியது. திடீரென்று முதுகில் வெயில் போய்க் குளிர்ச்சி பட்டது. பிள்ளையார் எனக்குத் தனியாக நிழல் தருகிறார் என்று நினைத்துக் கண்ணீரே வந்தது.

அந்தக் கணத்தில் என் கால் நட்டிருந்த ஒரு மரக் கப்பில் இடித்தது. கப்பு ஒரு நீள மர வாங்கிலைத் தள்ளியது. வாங்கில் சரிந்தது. வாங்கிலில் இருந்த பெரிய பித்தளைக் கிடாரம் கவிழ்ந்தது. ஊருக்கென்று கலக்கி வைத்த மோர், சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையுமாக என் தலையில் இறங்கியது.

பிள்ளையார் தந்த நிழல், தண்ணீர்ப் பந்தலின் கிடுகுக் கூரை நிழல்.

என்ன நடந்தது என்று பார்க்கக் கண்ணைத் திறந்ததுதான் நான் செய்த அடுத்த பிழை. மிளகாய் இரண்டு கண்ணுக்குள்ளும் குடிபுகுந்தது. அம்மா என்று கத்தினேன். பந்தலில் மோர் வார்த்துக்கொண்டு நின்றவர்கள் என் உயர்தர வகுப்பு மாணவர்கள். அவர்களில் ஒருவன் வாளித் தண்ணீரை என் முகத்தில் அடித்தபடி, "சேர், வளைவிலை திரும்பேல்லை சேர்" என்றான். வாழ்க்கையில் அவன் எனக்குச் சொன்ன முதல் சரியான விடை.

உண்மையில் வளைவே அங்கு இல்லை. நான் உருண்டு வந்த தடம் மணலில் அச்சாகக் கிடந்ததாம். தேர்ப்பாதையில் தொடங்கி, பாடப்புத்தகத்தில் போடக்கூடிய அழகான வில்லாக வளைந்து, பந்தலுக்குள் முடிந்ததாம். மண்ணெண்ணெய் ஊற்றும் புனலை மேசையில் உருட்டிப் பாருங்கள். நேரே போகாது. ஒடுங்கிய பக்கமாக வளைந்து வட்டம் போடும். தோளும் வண்டியும் அகலம், கால் ஒடுக்கம். நான் ஒரு புனல். பத்து வருடம் பௌதிகம் படிப்பித்தவனுக்குத் தன் உருவம் தெரியவில்லை. வீட்டு மேசை அது நின்ற இடத்திலேயேதான் நின்றிருக்கிறது.

கோயில் தர்மகர்த்தா வந்து, போதும் மாஸ்டர், பிள்ளையார் பாத்திட்டார், எழும்புங்கோ என்று ஆறுதல் சொன்னார். எனக்குப் பெரிய நிம்மதி. கால்வாசிகூட முடியவில்லை. ஆனாலும் பார்த்துவிட்டார் என்றால் பார்த்துவிட்டார்தானே. ஒரு கையை ஊன்றி எழும்பத் தொடங்கினேன்.

என் நீட்டிய மற்றக் கைக்குள் ஒரு தேங்காய் வந்தது. அது முன்பே கைவிட்டு உருண்டு போனது. (தேங்காய் சரியான பாதையில் கிடந்ததாகப் பிறகு சொன்னார்கள். அது உருண்டை, புனல் அல்ல.)

"அப்பா" என்றாள் வாணி. "முழுக்க எண்டு சொன்னனீங்கள்."

கண் திறக்க முடியவில்லை. குரல் மட்டும்தான் கேட்டது. இரண்டு மாதத்துக்கு முன் இதே குரலை இனிக் கேட்பேனா என்று தெரியாமல் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றவன் நான். எழும்பிய உடம்பு தானாகத் திரும்பிப் படுத்தது.

அந்த வருடம் தன் பிரதட்டையை எனக்கு விட்டுக்கொடுத்துக் கூட்டத்தோடு நடந்து வந்த மச்சான், என்னைப் பாதை மாறிய இடத்துக்குக் கொண்டுபோய் விட்டார். இஞ்சையிருந்துதான் என்று காலால் ஒரு கோடு கீறினார். அரை மணி நேரம் அசைவு விதி கேட்ட மனிதர், ஒரு வார்த்தை குத்திக் கதைக்கவில்லை. அது மிளகாயைவிட எரிந்தது. "காலடியிலை நில்லுங்கோ மச்சான்" என்று நானாகவே கேட்டேன்.

"நான் என்னத்துக்கு? உங்கை, உம்மடை காலடியிலை ஆள் நிக்குதே" என்றார்.

என் இரண்டு கால் பெருவிரல்களையும் சின்னக் கைகள் பிடித்தன. மோர் பட்டுக் குளிர்ந்த கைகள். "காலை இஞ்சாலை, அப்பா" என்று சொல்லி, இந்தப் பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளினாள். உருண்டேன். "இன்னும் இஞ்சாலை." உருண்டேன். நூறுக்கு மேல் எண்ணத் தெரியாததால், நூறு வந்ததும் மறுபடி ஒன்றில் தொடங்கினாள். அப்படி இரண்டு நூறு முடிந்து மூன்றாவதிலும் பாதிக்கு வந்தோம். இடையில் இரண்டு தரம், காலைத் தேத்தண்ணி வெளியே வரச் சத்தி எடுத்தேன். இரண்டு தரமும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்துவிட்டு, "முடிஞ்சுதோ? வாங்கோ" என்றாள். ஆஸ்பத்திரியில் ஊசி போடும் தாதி மிஸ்ஸிடம் இதைப் பழகியிருப்பாள். மச்சான் பின்னால் நடந்து வந்தாராம், ஆனால் கடைசிவரை கை வைக்கவில்லையாம்.

தேரடியில் முடிந்தபோது நான் அழுதேன். பக்தி என்று சிலர் சொன்னார்கள், மிளகாய் என்று பலர் சொன்னார்கள். சாந்தி மட்டும் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

ஊர் எனக்கு 'மோர் மாஸ்டர்' என்று பெயர் வைத்தது. அன்று பந்தலில் மோர் கிடைக்காதவர்கள் என்னை நீண்ட காலம் மன்னிக்கவில்லை. வகுப்பில் கூம்பு என்று சொன்னாலே பின் வாங்கிலில் யாராவது இருமுவான். வீட்டிலோ, நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று எப்போது நின்றாலும், தாயோ மகளோ ஒரே ஒரு வசனம்தான் சொல்வார்கள். காலை இஞ்சாலை.

வாணியின் கலியாணம் பல வருடம் கழித்துக் கொழும்பில் நடந்தது. ஐயர் என்னைக் கூறைப் புடவைத் தட்டத்தோடு மணவறையை வலம் வரச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. இந்த முறை மிளகாய் இல்லை. தட்டத்தை ஏந்தியபடி மிகக் கம்பீரமாக, வலத்துக்கு மாறாக, இடமாகச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். நிலம் பார்த்துக்கொண்டிருந்த மணப்பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். ஐயரின் ஒலிவாங்கி அவளுக்குப் பக்கத்தில் இருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"அப்பா, காலை இஞ்சாலை."

மண்டபம் முழுக்கக் கேட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் இருந்த நாற்காலிகள் எல்லாம் குலுங்கின. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்கு மச்சான் இருந்தார். ஒவ்வொரு வரிசையாகப் போய், தொடக்கத்திலிருந்து, கை நீட்டிக் காட்டி விளக்கினார்.

பந்தியில் எல்லார் இலைக்கும் ஒரு டம்ளர் மோர். என் இலைக்கு மட்டும் மூன்று வைத்திருந்தார்கள். மூன்றையும் குடித்தேன்.